மேடம் குட்டி போடப் போவதில்லை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உங்கள் லாயத்தில் இருக்கும் ஒன்பது குதிரைகளும் சௌக்கியம். குதிரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருக்கும் நீங்களும், கூட வந்திருக்கும் என் மகளும், நீங்கள் மார்க் போடும் குதிரைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பத்தாவது குதிரையான மேடம் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் மகள் பாதியில் பிடுங்கிக்கொண்டு, "ஏம்பா, இந்தத் தடவையாவது கூட இருப்பீங்களா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுகிறாள்.

அவள் பிறந்தபோது நான் ஆலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, நூற்று எண்பது பேர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எத்தனை மணிக்கு வந்தாள் என்பதை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷம் ஆகியும் வீட்டில் அந்தக் கேஸ் மூடப்படவில்லை. அதனால்தான், மேடம் குட்டி போடும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், இதையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று பகல் ஷிப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ராத்திரி லாயக்காரர் பார்த்துக்கொள்கிறார்.

வந்த அன்றே, நான் ரிடையரானபோது ஆலையில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மேடத்துக்கு எதிரே மாட்டினேன். கால் மணிக்கு ஒரு தரம் டணார் என்று அடிக்கும். அடித்ததும் நான் கதவைத் திறந்து உள்ளே போய்க் குனிந்து பார்த்து, 'மாற்றம் இல்லை' என்று நோட்டில் எழுதுவேன். முதல் நாள் மேடம் என்னை முறைத்தாள். இரண்டாம் நாள் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் பார்க்க வேண்டியதும் அந்தப் பக்கம்தானே, அதனால் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மடிக்காம்பு நுனியில் மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து வெந்நீரில் துணியை நனைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். லாயக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, அது அழுக்கு இல்லீங்க, சீம்பால் கசிஞ்சு காஞ்சு நிக்குது. ஒண்ணு ரெண்டு நாள்ல போட்டுடும்னு அர்த்தம்!" அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். வந்தார், டீ குடித்தார், போனார். மறுநாள் மேடம் வாலைத் தூக்கினாள் என்று கூப்பிட்டேன். அது வேறு காரியத்துக்குத் தூக்கிய வால். மூன்றாவது தரம், "ஐயா, குட்டியோட கால் வெளியே தெரிஞ்சா மட்டும் கூப்பிடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அவரிடம் கேட்டு வைத்ததுதான் என் மண்டையைக் குடைகிறது. முன்னங்கால் இரண்டு, அதன்மேல் மூக்கு, குளத்தில் குதிக்கிறவன் மாதிரி குட்டி வருமாம். குளம்பு அம்மா வயிற்றைக் கிழிக்காதா என்று கேட்டேன். குளம்பின் நுனியை மெத்துமெத்தென்று விரல் விரலாகச் சதை மூடியிருக்குமாம், எழுந்து நடந்ததும் தேய்ந்து உதிர்ந்துவிடுமாம். அந்த விரலைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்குமாமே? உங்கள் பெண்டாட்டி எழுந்து நிற்க ஒரு வருஷம் ஆச்சு, அதுவும் என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு.

இதில் லாயக்காரர் ஒரு கதை விட்டார். "நீங்க இப்படி உத்து உத்துப் பார்த்தா அது எப்படிங்க போடும்? ஆள் நகர்ற வரைக்கும் அடக்கி வெச்சுக்கும்." சரிதான் போய்யா என்றேன். டாக்டரும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற உங்கள் அத்தை, "எனக்கு அந்த வசதி இருந்திருந்தா, ஷிப்டு முடிஞ்சு நீங்க வர்ற வரைக்கும் அடக்கி வெச்சிருப்பேன்" என்றாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு மேடத்தைக் குனிந்து பார்க்கப் போய்விட்டேன்.

ஆகவே தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சொன்ன முந்நூற்று நாற்பது நாள் போன வாரமே முடிந்தது. என் நோட்டில் இருநூறுக்கு மேல் 'மாற்றம் இல்லை' இருக்கிறது. இது கர்ப்பமே இல்லை மாப்பிள்ளை, வெறும் கொழுப்பு. நீங்கள் காட்டிய ஸ்கேன் படம் வேறு குதிரையுடையதாக இருக்கலாம், ஆபீஸ்களில் இப்படி நடப்பது எனக்குத் தெரியும். இன்று முதல் தீவனத்தைப் பாதியாகக் குறைக்க உத்தேசம். இதை எழுதுவதற்காகப் பக்கத்தில் சேணம் வைக்கும் அறைக்கு வந்திருக்கிறேன். ஆள் இல்லாமல் விடக்கூடாதே என்று உங்கள் அத்தையை அங்கே உட்காரவைத்தேன். பார்க்க ஒன்றும் இருக்காது என்று சொன்னதால், நறுக்கப் பீன்ஸ் எடுத்துப் போயிருக்கிறாள்.

நீங்களும் மகளும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ என் ஆசிகள். உங்கள் மார்க்கில் தோற்கும் குதிரைகளுக்கும் என் அனுதாபங்கள்.

அன்புள்ள
மாமா

பின்குறிப்பு: மேலே இருப்பதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பெண் குட்டி. நெற்றியில் வெள்ளை. 'அன்புள்ள மாமா' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது உங்கள் அத்தை, "என்னங்க, எழுதி முடிச்சாச்சா? முடிச்சிருந்தா வாங்க" என்று கூப்பிட்டாள். போனால் வைக்கோலில் ஈரமாக ஒரு குட்டி, பக்கத்தில் பாதி நறுக்கிய பீன்ஸ். "ஏன்டி கூப்பிடல?" என்று கத்தினேன். "கூப்பிட்டா நீங்க ஓடி வருவீங்க, அது நிறுத்திடும்" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அதுவும் தெரியாதாம். மணிச் சத்தம் மேடத்துக்குத் தொந்தரவு என்று, நான் எழுத வந்ததுமே கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது அந்தக் குட்டி தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. "நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ உங்க பொண்ணும் இப்படித்தான் பார்த்தா" என்றாள் உங்கள் அத்தை. முப்பது வருஷத்தில் இதை இன்றுதான் சொல்கிறாள்.

விரல்களைப் பார்த்துவிட்டேன், தொட்டும் பார்த்தேன். மூன்று தரம் விழுந்து நாலாவது தரம் நின்றது. அப்பா கூட இருந்தாரா என்று மகள் கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்லுங்கள். தீவனத்தைக் குறைக்கவில்லை. எழுந்து நிற்க எவ்வளவு நேரமாச்சு என்று டாக்டர் போனில் கேட்டார். என் கையிலும் ஒரு கடிகாரம் இருந்ததே, நான் அதைப் பார்க்கவே இல்லை மாப்பிள்ளை.