லென்ஸுக்கு நாடி பார்த்தவர்

மார்கழி பதின்மூன்றாம் தேதி, காலை ஒன்பது இருபது. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனாலும் வாசலில் நூற்றைம்பது ஜோடி செருப்பு.

உள்ளே மாப்பிள்ளை வீடும் இல்லை, பெண் வீடும் இல்லை. எல்லாரும் போட்டோகிராபர்கள். சின்னசேலம், திருக்கோவிலூர், சங்கராபுரம், மலைமேல் வெள்ளிமலை. மற்ற மாதங்களில் அடுத்தவன் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்கள். மார்கழியில் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கிறவனுக்குத் தையை நினைத்துப் பயம் வரும். பயந்தவனைத் தேடி ஒருவர் வருவார்.

வந்தவர் ஒளிச்சித்தர் தீனதயாளன். முன்பு ராசிக்கல் விற்றவர். கல்லிலிருந்து கண்ணாடிக்கு வர அதிக தூரம் இல்லை. மேடையில் முப்பதடி பேனர். ‘உங்கள் லென்ஸ் கண் திறந்ததா?’ பேனரில் அவருடைய முகம் கொஞ்சம் மங்கல். அதை எந்த லென்ஸில் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய தத்துவம் எளிது. கோயில் சிலை, கண் திறக்கிறவரை வெறும் கல். லென்ஸும் அப்படித்தான். கண் திறக்காத லென்ஸ் முன்னால் நின்ற ஜோடி மூன்று வருடத்தில் பிரியும். விலை குறைந்த லென்ஸுக்குக் கண் திறக்க முடியாது. அதற்குக் கண்ணே இல்லை. விலை கூடியதற்கு உண்டு. அது அவரிடம் உண்டு.

நட்சத்திரப் பட்டியலும் உண்டு. ரோகிணிக்கு எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். மூலத்துக்கு நூற்று முப்பத்தைந்து. ஆயில்யத்துக்கு ஜூம் ஆகாது. நட்சத்திரம் மொத்தம் இருபத்தேழு என்பது லென்ஸ் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து வகை செய்திருப்பார்கள்.

விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். அதே லென்ஸ் கடையில் ஒன்று அறுபது. மீதி கண்ணுக்கு.

சங்கராபுரத்திலிருந்து பகலவன் வந்திருந்தான். அவனுக்கு அந்தப் பெயரை வைத்த அப்பா கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். பிள்ளை இன்றைக்கு லென்ஸுக்கு நிற்கிற வரிசையில் பதினான்காவது ஆள். வண்டியின் பின்னால் அவன் மனைவி இலக்கியா. அவள் மடியில் போர்வை சுற்றிய ஒரு பிரிண்டர். இருபது கிலோமீட்டர் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள்.

பழைய கருவிகளை எடுத்துக்கொண்டு லென்ஸ் விலையில் கழிப்பதாக ஒளிச்சித்தர் கருணை காட்டியிருந்தார். மண்டப வாசலில் அதற்கென்று ஒரு மேசை.

“இத்த எறக்கிட்டா நம்ம கடையில இன்னா இருக்கும்?” என்றாள் இலக்கியா.

“லென்ஸ் இருக்கும்.”

“லென்ஸ வெச்சி பட்டாக்கு போட்டோ பிரிண்ட் போடுவியா?”

அவர்கள் கடை தாலுகா ஆபீசுக்கு எதிரில். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பரீட்சை விண்ணப்பம். கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இல்லாமல் அரசாங்கம் நடக்காது. அந்தக் குடும்பத்தின் சோறு அந்தப் பிரிண்டரிலிருந்துதான் எட்டு எட்டாக வெளியே வந்தது.

“உனக்குப் புரியல,” என்றான் பகலவன். “ஐப்பசில ஒரு ஆர்டரு போச்சி. பொண்ணோட அப்பா இன்னா கேட்டாரு? கண் தொறந்த லென்ஸான்னு கேட்டாரு. நான் முழிச்சேன். போன வருசம் எடுத்த மூங்கில்துறைப்பட்டு ஜோடி இன்னிக்கி கோர்ட்ல நிக்கிது.”

“அவன் குடிச்சிட்டு அடிச்சான். அதுக்கு லென்ஸு இன்னா பண்ணும்?”

“எல்லாத்துக்கும் பேசுவ நீ.”

“சரி. மொதல்ல உள்ள போய்ப் பாக்கலாம். அப்பறம் எறக்கு.”

பிரிண்டரை வாசல் மேசைக்குப் பக்கத்தில், போர்வையோடு வைத்தார்கள். மேசைக்காரன் அதற்கு ஒரு டோக்கன் கொடுத்தான். ஆடு வெட்டுகிற இடத்திலும் வரிசை வேண்டும்.

மேடையில் ஒரு நாற்காலி. அதன் பின்னால் கேமராவைப் பார்த்தபடி இரண்டு ஃபோகஸ் லைட். பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் நெய் விளக்கு, விபூதி. ஒரு செம்புத் தண்ணீர். வெள்ளைத் துண்டு. பின்சுவரில் பெரிய திரை. எடுக்கிற படம் அப்படியே திரையில் விழும்.

முதலில் கூப்பிட்டது செல்லனை. வெள்ளிமலைக்காரன். மலைக் கிராமங்களில் கல்யாணமும் திருவிழாவும் எடுக்கிறவன். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தான்.

“என்ன நட்சத்திரம் தம்பி?”

“தெரியாதுங்க. சாமை அறுக்கறப்ப பொறந்தேன்னு சொல்வாங்க.”

கூட்டம் சிரித்தது. ஒளிச்சித்தர் சிரிக்கவில்லை. “பூராடம்,” என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். பூராடத்துக்குரிய லென்ஸ்தான் அவரிடம் அதிகம் இருந்தது.

நெய் விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செல்லனின் கேமராவை வாங்கினார். அதனுடைய சின்ன லென்ஸின் முகத்தில் கட்டைவிரலை வைத்தார். கண்ணை மூடினார். விரலை மெதுவாகச் சுற்றினார்.

“நாடி இல்லை. மலைத் தூசியில் செத்துப்போயிருக்கிறது.”

செல்லனை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தார். திரையில் வெள்ளையாக ஒரு புகை. புகைக்குள் எங்கேயோ செல்லன். கூட்டம் “அய்யோ” என்றது.

அடுத்து, செம்புத் தண்ணீரில் கை கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். ஆசாரம். தன் லென்ஸைப் பட்டுத்துணியிலிருந்து எடுத்தார். தங்க ஊசியை அதன் எதிரில் நீட்டி மந்திரம் சொன்னார். ஊசி கண்ணாடியைத் தொடவில்லை. ஒன்று அறுபது போட்டு வாங்கியவருக்கு அதன் அருமை தெரியும். படம் எடுத்தார். திரையில் செல்லனின் மீசை ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது.

கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. வரிசை முன்னால் நெருக்கியது. அதன்பிறகு பன்னிரண்டு கேமராக்களுக்கு நாடி பார்த்தார். பன்னிரண்டும் பிணம்.

இலக்கியா கைதட்டவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது ஒரு வடையைப் பற்றி. போன மாதம் பென்ஷன் போட்டோவுக்கு வந்த ஒருவரின் பேரன், வடை தின்ற கையால் கேமராவின் லென்ஸைத் தடவிவிட்டான். எட்டுப் படமும் இதே புகை. கூட ஜன்னல் வெளிச்சமும் எதிரில் அடித்தது. அன்றைக்கு அவள் நாடி பார்க்கவில்லை. துணியால் துடைத்தாள்.

பதினான்காவது பெயர் வந்தது. பகலவன் எழுந்தான். அவளும் எழுந்தாள்.

“நீ எங்க வர?”

“கேமரா என்துந்தான்.”

ஒளிச்சித்தரின் விரல் விளக்குக்குப் போயிற்று. விளக்கிலிருந்து லென்ஸுக்கு வந்தபோது இலக்கியா பேசினாள்.

“சாமி, ஒரு சந்தேகம். எங்க லென்ஸுக்கு நாடி பாக்கறீங்க. உங்க லென்ஸுக்கு ஏன் பாக்கல?”

“அதற்கு உயிர் இருக்கிறது அம்மா.”

“உயிர் இருக்கறதுக்குத் தான நாடி பாப்பாங்க? செத்ததுக்கு எதுக்கு?”

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் போல இருந்தது.

“பெண்கள் தொட்டால் கண் மூடிக்கொள்ளும்,” என்றார் ஒளிச்சித்தர். நல்ல தத்துவம். எந்த மோசடிக்கும் கடைசிப் பூட்டு அதுதான்.

“நான் தொடலீங்க. நீங்க தொடுங்க. இப்ப இதுல வெச்ச மாரியே அதுல வெய்யுங்க.”

அவர் கை வெள்ளைத் துண்டைத் தேடியது.

“தொடைக்காம,” என்றாள்.

செல்லன் மேடை ஓரத்தில் நின்றிருந்தான். புது லென்ஸுக்கான விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய கையோடு.

“வெய்யுங்க சாமி,” என்றான். “என்துல வெச்சீங்களே.”

சாமி வைக்கவில்லை. இலக்கியா தன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தாள். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய துணி அது. கடையில் தினம் இருபது முறை வேலை செய்வது. செல்லனின் பிணத்தை வாங்கி, அதன் முகத்தில் ஒரு தடவை ஊதி, இரண்டு சுற்றுத் துடைத்தாள். அவனை அதே நாற்காலியில் உட்காரச் சொல்லி எடுத்தாள்.

திரையில் மீசை. ஒவ்வொரு மயிராக. பிணம் எழுந்துவிட்டது. மந்திரம் இல்லை, ஊசி இல்லை.

“இப்ப அது,” என்றான் செல்லன். ஒளிச்சித்தரின் மணிக்கட்டைப் பிடித்தான். மரவள்ளிக்கிழங்கு பிடுங்குகிற கை. நெய் விரல் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. இலக்கியா எடுத்தாள்.

திரையில் பனி. கல்வராயன் மலையில் மார்கழிக்கு அது இலவசம்.

“கலியுகம்,” என்றார் ஒளிச்சித்தர். லென்ஸைப் பட்டுத்துணியில் சுற்றினார். அதற்கு முன் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு சாப்பாட்டுக்கூடம் வழியாகப் போனார். வாசல் மேசைக்காரன் அவருக்கு முன்பே போயிருந்தான். முன்பணம் கட்டியவர்கள் பின்னால் ஓடினார்கள். ஓட்டத்தில் மட்டும் யாரும் நட்சத்திரம் பார்க்கவில்லை.

மீதிப் பேர் இலக்கியாவைச் சுற்றி நின்றார்கள். மனிதர்களுக்கு ஒரு சாமி போனால் உடனே இன்னொன்று வேண்டும்.

“அக்கா, அப்ப வெல கூடின லென்ஸு வேஸ்ட்டுங்களா?”

“யாரு சொன்னா? விடிகாலை முகூர்த்தம், லைட்டு போட உடாத கோயிலு, அங்க அது ஓணும். வருசத்துல எத்தினி நாளு அந்த மாரி வருதுன்னு எண்ணு. கம்மியா இருந்தா வாடகைக்கு எடு. ஜாஸ்தியா இருந்தா கடையில போய் வாங்கு. நட்சத்திரத்த எண்ணாத.”

“ஆல்பத்துல வித்தியாசம் தெரியுமா?”

“நீ ஆல்பத்துல பொண்ணுக்குப் பின்னால ரெண்டு அன்னம், ஒரு அருவி ஒட்டற. அதுல எந்த லென்ஸு தெரியும்?”

சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் பேனரைப் பார்த்தார். “அதெல்லாம் சரிம்மா. பொண்ணு வூட்டுக்காரங்க கேப்பாங்களே. கண் தொறந்ததுன்னு ஒரு ஸ்டிக்கர் மட்டும் அடிச்சி ஒட்டிக்கலாமா?”

நாலைந்து பேர் அவரை ஆவலோடு பார்த்தார்கள்.

இலக்கியா வாசலுக்கு வந்தாள். பிரிண்டர் போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. இந்தத் தடவை பகலவன் தூக்கினான். வண்டிச் சாவிக்கு அவள் கை நீட்டினாள். கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தான், மடியில் பிரிண்டரோடு.

கூட்டம் படிவரைக்கும் வந்து நின்றது. ஒவ்வொரு கழுத்திலும் ஒரு கேமரா. வண்டியைக் கிளப்பும்முன் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“காலைலேர்ந்து அந்தாளு நெய்யத் தொட்டுக்கினு தான் உங்க லென்ஸத் தொட்டாரு. பதிமூணு தடவ. பாக்கறது தான உங்க தொழிலு, நூத்தம்பது பேர்ல ஒருத்தரு கூடவா பாக்கல?”