பிள்ளை வண்டிக்குப் பின்னால்

"அந்தப் பிள்ளை வண்டியை விட்டுறாதலே!" என்று மாரிசெல்வத்தின் காதுக்குள் முதலாளி கத்தினார்.

முதலாளி தங்கபாண்டி அப்போது மதுரையில், மகள் வீட்டில் இருந்தார். பேரனுக்குக் காதுகுத்து. ஆள்தான் அங்கே, கண் இரண்டும் அருப்புக்கோட்டையில் இருந்தன. சூப்பர் மார்க்கெட்டின் கேமராக்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே, சூப்பர்வைசர் மாரிசெல்வத்தின் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளாகக் கடையில் குழந்தைகளுக்கான பால் பவுடர் டின்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. எந்த ஊரோ, எந்தக் கடையோ, ஒரு பெண் பிள்ளை வண்டிக்குள் சாமான்களை ஒளித்துத் தள்ளிக்கொண்டு போகிறாள். அன்றோடு முடிந்தது. வண்டியில் பிள்ளையை வைத்துத் தள்ளிவரும் தாய்மார் அத்தனை பேரும் அவருக்குத் திருடிகளாகிவிட்டார்கள். ஆனால் அருப்புக்கோட்டையில் பிள்ளையை இடுப்பில் வைத்துத்தான் கடைக்கு வருவார்கள். அவருடைய அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, இன்றைக்குத்தான் முதல் வண்டி உள்ளே வந்திருந்தது.

"ஏசி காத்து வாங்க வந்திருப்பாக மொதலாளி. வெளிய வெயிலு கொளுத்துது" என்றான் மாரிசெல்வம்.

"காத்து வாங்கவா வண்டியத் தள்ளிக்கிட்டு வாராக? இன்னிக்கு ஆளைப் பிடிக்கல, நாளைக்கு நீ வேலைக்கு வராத."

வேலை போனால் மாரிசெல்வத்துக்கு வேலை மட்டும் போகாது. கடையில் வேலை பார்ப்பவனுக்குப் பெண் கிடையாது என்று பல வீட்டில் கைவிரித்த பிறகு, 'சூப்பர்வைசர்' என்ற சொல்லுக்கு மயங்கி நரிக்குடியில் ஒரு குடும்பம் வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தது. போட்டோகூடத் தரவில்லை. பெண்ணை நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லும் பறிபோனால் சொந்த ஊரான பரளச்சிக்குத் திரும்பி ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

"பட்டுனு கேட்டுறாத. கடை பேரு கெட்டுப்போகும். நைசாப் பாரு" என்றார் முதலாளி.

மாரிசெல்வம் நைசாகப் பார்க்கப் போனான். வண்டிக்கு மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அந்தப் பெண் எதையும் வாங்கவில்லை. பருப்பைப் பார்ப்பாள், பிறகு அவனைப் பார்ப்பாள். சோப்பைப் பார்ப்பாள், பிறகு அவனைப் பார்ப்பாள். அவன் பார்த்ததும் சட்டென்று திரும்பிக்கொள்வாள்.

"வாங்கக்கா, என்னக்கா வேணும்?" என்றான். கடைக்கு வருகிற பெண்களை, கல்லூரி மாணவியானாலும் பேரன் எடுத்தவரானாலும், அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அது முதலாளி போட்ட சட்டம்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "சும்மா பாக்குறேன்" என்றாள்.

"மூஞ்சியப் பாத்தியா? குத்தமுள்ள நெஞ்சு" என்றார் காதுக்குள் முதலாளி.

வண்டிக்குள் பார்க்க வேண்டுமே! மாரிசெல்வம் குனிந்தான். "பாப்பா தூங்குதாக்கா?" என்று துண்டின் ஓரத்தைத் தூக்கினான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை விழித்துக்கொண்டு வீல் என்று அலறியது.

பழியைச் சரிக்கட்ட, "நான் தூக்கிக்கிறேன்க்கா" என்று பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இப்போது வண்டி காலி. குருவம்மாளுக்குக் கண்ணைக் காட்டினான். கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிற குருவம்மாள், துண்டைச் சரிசெய்வதுபோல வண்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஒரு வேப்பங்கொத்து வந்தது. அடுத்து, இரும்பில் ஏதோ ஒன்று பளபளவென்று வந்தது.

"கத்திலே! கத்தி வச்சிருக்கா!" என்று அலறினார் முதலாளி.

"பாக்குவெட்டி மொதலாளி" என்று மாரிசெல்வம் பிள்ளைக்குப் பாட்டுப் பாடுவதுபோல இழுத்துச் சொன்னான். காற்றுக்கருப்பு அண்டாமல் இருக்கப் பிள்ளை பக்கத்தில் இரும்பு வைப்பதுதான். அவன் தங்கை துர்காதேவியும் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. குருவம்மாள் இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தால், அது அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கினால் அலறியது. விட்டால் சிரித்தது. அவனும் வேறு வழியில்லாமல் பிள்ளையைச் சுமந்துகொண்டு, காலி வண்டி தள்ளும் அவளுக்குப் பின்னால் கடையைச் சுற்றினான். எச்சில் சட்டைக்குள் இறங்கியது.

அவள் கைபேசியை எடுத்து அவனைப் பிள்ளையோடு ஒரு படம் எடுத்தாள்.

"போட்டோ எடுக்குறா! கூட்டாளிக்கு அனுப்பத்தான்!" என்றார் முதலாளி.

பிறகு அவள் குருவம்மாளிடம் போய்க் கிசுகிசுத்தாள். குருவம்மாள் ஓடி வந்தாள்.

"தம்பி, ராத்திரி கடையப் பூட்டுறது நீயான்னு கேக்குறா. வீட்டுக்கு எப்பப் போவேன்னு கேக்குறா. கோவக்காரனான்னு வேற கேக்குறா."

பால் பவுடர் திருடுகிறவளுக்குக் கடைச் சாவியைப் பற்றி எதற்கு?

அதற்குள் பிள்ளை அவன் சட்டையை நன்றாகவே நனைத்துவிட்டது. "டயப்பரு மாத்தணும்க்கா. எந்த சைஸு போடுவீக?" என்றான்.

அவள் திருதிருவென்று விழித்தாள். ஓரமாகப் போய் யாருக்கோ போன் போட்டு, "எந்த சைஸு?" என்று கேட்டாள்.

"பெத்தவளுக்குப் பிள்ளை சைஸு தெரியலையா?" என்று முதலாளி உறுமினார்.

குருவம்மாள் தன் பங்குக்கு, "காலுல மெட்டியும் இல்ல தம்பி" என்றாள்.

முதலாளி பதறிப்போய்ச் சொன்னார்: "ஏலே, இது டின்னு கேஸு இல்ல. பிள்ளை புடிக்கிற கேஸு! கதவைச் சாத்து. போலீசக் கூப்பிடு."

மாரிசெல்வம் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு கதவை மறித்து நின்றான். அவள் ஒரு சோப்புக்கும் டயப்பருக்கும் பில் போட்டுவிட்டு நேரே அவனிடம் வந்து கையை நீட்டினாள்.

"பிள்ளையத் தாங்க. நேரமாகுது."

"இருங்கக்கா, ஒரு நிமிசம்க்கா..."

அப்போது காதுக்குள் இன்னொரு பிள்ளை அழுதது. முதலாளியின் பேரன். கூடவே முதலாளியம்மாவின் குரல்: "அந்தப் போனை வச்சுட்டு, அடுப்படியில பால் பவுடரு டின்னு இருக்கும், ஒண்ணு எடுத்தாங்க."

முதலாளி நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மாரி" என்றார், குரலைத் தாழ்த்தி. "டின்னெல்லாம் இங்கதான்டா அடுக்கியிருக்கு. நம்ம வீட்டம்மா கடைக்கு வாரப்பல்லாம் எடுத்துட்டு வந்திருக்கா. பில்லு போடல. வெளிய சொல்லிறாத. அந்தப் பொண்ணை விட்டுரு."

"மொதலாளி, போலீசு?"

முதலாளி போனை வைத்துவிட்டார்.

மாரிசெல்வம் பிள்ளையைக் கொடுத்தான். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆட்டோவைத் தேடி வெயிலில் இறங்கினாள். பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பெண்ணைத் திருடியாக்கி, பிள்ளை பிடிக்கிறவளாகவும் ஆக்கிவிட்டோமே என்று அறுத்தது. பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, அக்கா! மன்னிச்சிருங்கக்கா. உங்களைத் திருட வந்தவுகன்னு நெனச்சுத்தான் பின்னாலயே வந்தேன். வண்டியச் சோதிக்கத்தான் பிள்ளையத் தூக்குனேன்."

அவள் வண்டியை நிறுத்தினாள். "அப்பக் கொஞ்சுனதெல்லாம் நடிப்பா?"

"மொதல்ல நடிப்புதான்க்கா" என்றான் மாரிசெல்வம், ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "அப்புறம் அது சிரிச்சுச்சுல்ல... அதுக்குப் பெறகு நெசம்."

அவள் வண்டியை மடக்கி ஆட்டோவில் வைத்தாள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள், போய்விட்டாள். போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறாள் என்று மாரிசெல்வம் முடிவு கட்டினான். வேலை போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்று மசாலா மூட்டை மேல் உட்கார்ந்தான். குருவம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. பயந்துகொண்டே எடுத்தான். தங்கை துர்காதேவி.

"அண்ணே, நரிக்குடியில இருந்து பேசுனாக. ஞாயித்துக்கெழமை நிச்சயத் தட்டோடயே வரச் சொல்லிட்டாக. பொண்ணுக்கு முழுச் சம்மதமாம்."

"என்னைப் பாக்காமயேவா?"

"பாத்துட்டுத்தான். ஆனா ஒரே ஒரு கண்டிசனாம்ண்ணே. அவுக அக்கா பிள்ளைய எத்தனை தடவை வேணும்னாலும் தூக்கிக்கலாமாம், அந்தப் பொண்ணை மட்டும் இனிமே அக்கான்னு கூப்பிடக் கூடாதாம்!"