ஏசினால்தான் ஏறுவார்

ஜொகூர் மாநிலத்திலேயே மிக மோசமான வாய் உள்ள நல்லவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் மோரல் சாரை எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது. தப்பித்தவறி ஒருவன் கிடைத்தாலும், "இந்த மூஞ்சிக்குப் போட்டி ஒரு கேடா?" என்று ஏசிக்கொண்டே அவனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் மேடையருகே இறக்கிவிட்டிருப்பார்.

கெலாங் பாத்தாவில் எங்கள் அடுக்குமாடியில் அவருக்கு மூன்றாவது மாடி, எனக்குக் கீழ்த்தளம். காஹாங் தோட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இடைநிலைப்பள்ளியில் நன்னெறிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றதால் ஊருக்கே மோரல் சார். பண்புகளின் விளக்கங்களை மாணவர்கள் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து எழுத வேண்டிய பாடம் அது. அதைத் திருத்தித் திருத்தி அவருக்கு ஒரு சொல்லின் மீது தீராத வெறுப்பு வந்துவிட்டது.

"நன்றியுணர்வுன்னா என்னான்னு எத்தன வருஷம் திருத்துனேன் தெரியுமா? ஒருத்தன்கூட தப்பா எழுதல. பேப்பர வாங்கிட்டு ஒருத்தன்கூட என் மூஞ்சியப் பாக்கல."

அதிலிருந்து அவர் ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். நல்லது செய்தவன் நன்றியை வாங்கிக்கொண்டால் அது வியாபாரம். ஆகவே, நன்றி சொல்லத் தோன்றாதபடி முதலிலேயே ஏசிவிட வேண்டும். தத்துவம் படித்துக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த எனக்கு இதில் நிறைய ஓட்டைகள் தெரிந்தன. தூக்கம் வராதபோது அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன். அவர் அந்த நேரத்தில் யார் வீட்டுக்காவது சாமான் தூக்கிக்கொண்டிருப்பார்.

நான்காம் மாடி பார்வதி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மின்தூக்கி பழுதானது. அவளுடைய அடுப்புக்கான இரும்புக் கேஸ் தோம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சார் படியேறினார்.

"நாலாம் மாடியில குடியிருக்கியே, பருந்தா நீ? ஒனக்கெல்லாம் எதுக்கு அடுப்பு? பச்சையா தின்னு!"

பார்வதி அழுதுகொண்டே கதவைத் திறந்தாள். தோம்பைப் பொருத்தி, கசிவு பார்த்து, "இந்த வீட்டு சாம்பார் வாசம் மூணாம் மாடி வரைக்கும் நாறுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் காலை அவள் வாசலில் மார்க்கெட் சாமான் இருந்தது. பெரிய வெங்காயம் மட்டும் இல்லை. அவள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்தான் சரி என்பது அவருடைய தீர்ப்பு.

முனையில் உணவுக்கடை வைத்திருந்த பாய்க்கும் அதே கதிதான். கடைக்குள் வெள்ளம் புகுந்த அன்று, இடுப்பளவு நீரில் நின்று நாற்காலிகளைக் கடத்தியவர் சார். "ஒங்க மீன் கறிக்கு இந்தத் தண்ணியே தேவலாம், பாய்!" வெள்ளம் வடிந்ததும் பாய் மனம் நெகிழ்ந்து, "சார், ஒங்களுக்கு என்னைக்கும் தே தாரிக் ஓசி" என்று டீயை இலவசமாக்கிவிட்டார். அவ்வளவுதான். சார் பல மாதங்கள் எதிர்க்கடையில் கோப்பி குடித்தார். பிறகு பாய், "ஒரு கெழடு இந்தப் பக்கமே காணோம், நிம்மதியா இருக்கு" என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்தியதும் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்து எழுந்தால் அவருக்குத் தலை சுற்றும். கூட்டிவந்து கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று மையத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆள்களுக்கா பஞ்சம்? மாடிக்கு மாடி ஆள் இருந்தது. ஆனால் உதவியை வாங்கினால் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் தத்துவம் கவிழ்ந்துவிடும். சார் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வழி கண்டுபிடித்தவள் பார்வதி. காரைப் படிக்கட்டருகே நிறுத்தி, ஹார்னை அழுத்திக்கொண்டே கத்தினாள்.

"யோவ் சார்! ஒங்களால எனக்கு வேலைக்கு லேட்டு. எறங்கி வர்றீங்களா, மேல வந்து சட்டையப் புடிச்சு இழுக்கவா?"

சார் முகம் மலர்ந்து இறங்கி வந்தார். ஏசுகிறவளுக்கு எதற்கு நன்றி? கணக்கு நேராகிவிட்டது. அதன்பின் எங்கள் அடுக்குமாடியில் முறை வைத்து ஏசினார்கள். பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காரில் வந்து, "ஏறுலா கெழடு, என் காடி என்ன ஒங்கப்பன் வீட்டுப் பஸ்ஸா?" என்பார். மனித ஒற்றுமையை இவ்வளவு கெட்ட வார்த்தைகளில் நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுக்க ஒரு படித்தவன் தேவைப்பட்டான். அது நான்.

ஜொகூர் பாருவில் ஓர் அறச்சிந்தனை மன்றத்துக்கு நான் தலைவர். நன்மை என்றால் என்ன என்று மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். முடிவுக்கு வருவதற்குள் வடை வந்துவிடும். ஆண்டுவிழாவுக்கு யாருக்காவது பொன்னாடை போர்த்தியாக வேண்டும். நம்மவர்கள் கூடினால் பொன்னாடை இல்லாமல் கலைவதில்லை. போர்த்தாத தோள் எங்கள் வட்டாரத்தில் அநேகமாக மோரல் சாருடையது ஒன்றுதான் பாக்கி. கூப்பிட்டால் வரமாட்டார். ஆகவே, "மண்டபப் படியில் பாய் விழுந்துவிட்டார், ஓடி வாங்க" என்று நானே போன் செய்தேன். நன்மையைப் பாராட்ட நாங்கள் செய்த முதல் காரியம் பொய் சொன்னது.

சார் வாடகைக் காரில் வந்து, மூச்சு வாங்க மாடியேறினார். "பாய் எங்க?" பாய் முன்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தார். நான் போர்த்திவிட்டேன். மாலை போட்டேன். சமுதாயத்தின் சார்பில் நன்றி, மன்றத்தின் சார்பில் நன்றி என்று அவர் காதருகிலேயே ஒலிபெருக்கியைப் பிடித்தேன். அவர் வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காததை அன்றுதான் முதலில் பார்த்தேன். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று கூட்டத்துக்கு விளக்கம் வேறு சொன்னேன். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் நான். ஓரத்தில், மாலைக்கு மேலே இரண்டு கண்கள்.

அடுத்த டயாலிசிஸ் நாளில் பார்வதி ஹார்ன் அடிக்கவில்லை. மேலே போய், கைகூப்பி, "ஐயா, பேப்பர்ல பாத்தேங்கய்யா. மெதுவா எறங்குங்கய்யா" என்றாள். சார் கதவைச் சாத்திவிட்டார். அதற்கடுத்த முறை பாய் முயன்றார். பேப்பரில் வந்த மனிதரை ஏச அவருக்கும் வாய் வரவில்லை. சார் அன்றும் போகவில்லை.

பார்வதி நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுதாம். இன்னைக்கும் போகலன்னா செத்துருவாரு. நீங்கதானே போட்டீங்க அந்த சால்வைய? நீங்களே போய்க் கழட்டுங்க!"

போனேன். சார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல் உரையைத் தொடங்கினேன். உதவியை ஏற்பதும் ஓர் அறம், கொடுப்பவனும் பெறுபவனும் ஒரே சங்கிலியின்...

"தலைவரே," என்றார் மூச்சிரைக்க, "வடை எத்தன மணிக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவமானமா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. வாழ்நாளில் யாரையும் ஒருமையில் பேசாதவன் கத்தத் தொடங்கினேன்.

"யோவ்! நீ ஒரு சுயநலக்காரன்யா! ஊருக்கெல்லாம் நல்லது செஞ்சு செஞ்சு, நீ மட்டும் நல்லவனா இருப்ப. ஒனக்கு ஒரு நல்லது செய்ய எவனையும் விடமாட்ட. நாங்கல்லாம் என்ன, ஒன் நல்ல மனசுக்கு வேடிக்கை பாக்க வந்தவங்களா? பார்வதி கீழ அழுதுகிட்டு நிக்கிறா. ஒன் தத்துவத்தத் தூக்கிக் குப்பையில போடு. அந்தப் பொன்னாடை ஒனக்குப் போட்டதில்லய்யா. படத்துல நடுவுல நிக்க எனக்கு நானே போட்டுக்கிட்டது. நீ செத்தா நான் இன்னொரு கூட்டம் போடுவேன். இரங்கல் கூட்டம். ஒன்றரை மணி நேரம் பேசுவேன்!"

சார் சுவரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அலமாக்," என்றார். "ஒன்றரை மணி நேரமா?"

"ரெண்டுகூட ஆகும்."

"மொதல்ல கொஞ்சம் இலக்கணமா இருந்துச்சு. போகப் போகப் பரவால்ல." சுவரைப் பிடித்து எழ முயன்றார். முடியவில்லை. கையை நீட்டினார். "என்ன வேடிக்கை? புடி."

காரில் ஏறியதும், நாறுகிறது என்றார். ஓட்டத் தெரியாதவனுக்கு யார் உரிமம் கொடுத்தது என்று கேட்டார். மையத்து வாசலில் என் தோளில் கைபோட்டு நடந்தபோது அவர் எடை முழுவதும் என்மேல் சாய்ந்தது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், நத்தை என்று ஏசினேன்.

அன்றிலிருந்து எல்லா முறையும் எனதே. பார்வதியும் பாயும் கேட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மன்றத் தலைவர் பதவியை விட்டேன். அதற்கு வழியனுப்பு விழா எடுத்து, பொன்னாடையும் போர்த்தினார்கள். ஆனாலும், அவர் தவறவிட்ட அந்த நாள்கள் அவர் உடம்பில் எவ்வளவைக் கொண்டுபோயின என்று மருத்துவரிடம் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. சார் இன்னும் இரண்டு கிறிஸ்துமஸ் இருந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

அவர் வீங்கிய கால்களை நீட்ட வசதியாக, காரில் பக்கத்து இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தேன். முன்னால் இழுங்களேன், எதுவும் எட்டவில்லை என்று என் மனைவி தினமும் சொல்கிறாள். நகர்த்தும் பிடி உடைந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.