பன்னிரண்டு வாத்தும் ஒரு லீவும்

பாத்டப்பில் பன்னிரண்டு வாத்துகள் மிதந்தன. அவற்றின் நிறம் தனியாகப் பக்கத்தில் மிதந்தது.

"ரெண்டு நாள் உட்கார்ந்து அடிச்ச பெயின்ட்," என்றான் பாஸ்கர்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி பொம்மையைக் கழுவினீங்களா?" என்று கேட்டாள் மனைவி ஷ்யாமளா.

கழுவவில்லை. அவை பிளாஸ்டிக் வாத்துகள். ஏரியில் மிதக்கவிட்டால் மேலே பறக்கும் நிஜ வாத்துகள் நம்ம ஆட்கள் என்று நம்பி இறங்கும். புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பாஸ்கரின் முதலாளி சுடுவார். அப்படித்தான் ஏற்பாடு. அல் கூஸில் பெரிய கிடங்கு வைத்திருக்கும் அந்த நல்ல அரபு மனிதர் இருபது குளிர்காலமாக வெளிநாட்டு ஏரிக்குப் போய் வருகிறார். இதுவரை ஒரு வாத்தும் விழுந்ததில்லை. பழியெல்லாம் சாயம் போன பொம்மைகள் மேல்.

"இதுக்குப் பெயின்ட் அடிக்க யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டபோது, ஸ்டோர் இன்சார்ஜ் பாஸ்கர் லீவு ஃபார்மோடு எதிரில் நின்றிருந்தான். தை மாதம் மயிலாடுதுறையில் தங்கை சந்தியாவின் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், குழந்தைக்கு இருப்பதோ ஒரே தாய்மாமன். ஸ்டாக் எடுக்கிற மாதம் என்று சொல்லி முதலாளி இரண்டு முறை ஃபார்மைத் திருப்பியிருந்தார். பாஸ்கர் யோசிக்கவில்லை. தன் மனைவி வருஷா வருஷம் கொலு பொம்மைக்கு வர்ணம் அடிப்பதை எடுத்துவிட்டான்.

"அச்சா. வாத்து நல்லா வந்தா லீவு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது," என்றார் முதலாளி.

அதை மனைவியிடம் சொல்லப் பயந்து, தானே அடித்துப் பார்த்ததுதான் இப்போது பாத்டப்பில் உரிந்து கிடந்தது.

ஷ்யாமளா தலையில் அடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். சோப்பு போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, வர்ணம் தீட்டி, கொலு பொம்மைக்கு அடிப்பதுபோல் மேலே இரண்டு கோட் வார்னிஷ். வாத்தின் முதுகில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

முதலாளியின் டிரைவர் முகம்மது ரிபாய் பார்க்க வந்தான். கீழக்கரைக்காரன், முதலாளியை அர்பாப் என்றுதான் சொல்வான். வேட்டைக்கும் கூடப் போவான், சுட்டு விழுந்ததைத் தண்ணீரில் இறங்கி எடுத்து வருவது அவன் வேலை. இருபது வருஷத்தில் அந்த ஒரு வேலையை மட்டும் அவன் செய்ய நேர்ந்ததில்லை.

"சார், இப்படி மினுங்குனா வாத்து பயந்து ஓடிரும்," என்றான்.

பளபளப்பைக் குறைக்க பாஸ்கர் ஒரு வழி கண்டுபிடித்தான். அன்று சாயங்காலமே இன்னொரு கோட் வார்னிஷ் அடித்து, ஈரம் காய்வதற்குள் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைத் தூவினான். பன்னிரண்டும் விபூதி பூசிக்கொண்டு நின்றன. அதைத் தேய்த்து எடுத்ததில் கண்களும் கூடவே போயின.

ஷ்யாமளா அவன் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கி, அவனைச் சமையலறைக்கு அனுப்பினாள். புதிதாக வர்ணம் தீட்டினாள். இந்த முறை பளபளக்காத மேட் வார்னிஷ். கண்ணை மட்டும் கடைசியில் எழுதினாள். கைப் பழக்கம், எல்லாம் மை தீட்டிய நீளக் கண்ணாக வந்துவிட்டது. தள்ளி நின்று பார்த்தால் சிறகடித்துவிடும் போலவும், கிட்டே பார்த்தால் நாட்டியத்துக்குக் கிளம்பியது போலவும் இருந்தன. பாஸ்கருக்கு மனைவியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பக்கத்து ஃபிளாட் தாமரை வந்து, உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று வாயாரச் சொன்னாள். அவள் போனதும் ஷ்யாமளா ஒவ்வொரு வாத்தின் கன்னத்திலும் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"வேட்டைக்குப் போற வாத்துக்குத் திருஷ்டிப் பொட்டா?"

"போற இடத்துல ஒண்ணும் ஆகாம திரும்பி வரட்டும்."

ரிபாய் சாக்கில் போட்டு எடுத்துப்போனான். பத்து நாள் பாஸ்கருக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள் முதலாளி கூப்பிட்டார். எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பனி மூட்டத்தில் ஒரே காலையில் பன்னிரண்டு வாத்து சுட்டாராம். ஒரு குண்டுகூடத் தப்பவில்லையாம். லீவு ஃபார்மை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தேதி எழுதும் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டார். பாஸ்கருக்குக் கண் கலங்கியது. அவன் மனதில் சந்தியாவின் குழந்தை மடியில் வந்து உட்கார்ந்தாயிற்று.

"சுட்டது பன்னிரண்டும் உன் மனைவிக்குத்தான். ரிபாய் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கான்," என்றார் முதலாளி.

பாஸ்கருடையதோ முட்டை போட்ட கேக்குகூட நுழையாத வீடு. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, கையெழுத்து இன்னும் காயவில்லை. ரிபாய் போன் எடுக்கவில்லை. டாக்ஸி பிடித்து கராமாவில் இருக்கும் வீட்டுக்கு ஓடினான்.

வாசலில் சாக்கு மூட்டையோடு ரிபாய். கதவை மறித்துக்கொண்டு ஷ்யாமளா.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நாங்க தொடமாட்டோம். இது உள்ள வந்துதான் லீவு கிடைக்கும்னா, அந்த லீவே வேணாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரிபாய் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மூட்டையை இறக்கினான். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

"அர்பாப் கண்ணாடி போடமாட்டாக, மேடம்," என்றான் மெதுவாக. "சுட்டது பன்னிரண்டும் சுத்த சைவம். நீங்க வச்ச பொட்டு எல்லாத்துலயும் அப்படியே இருக்கு."