ஏறி வந்தால் அது வண்டி

ஒரு காட்டில் முதலில் கடைகள் வந்தன. கடைகளைத் தேடிக் கூட்டம் வந்தது. கூட்டத்தைத் தேடி ஒரு கயிறு வந்தது.

கடைகள் வருவதற்கு முந்தி அந்த இடம் காட்டு விளிம்பில் சும்மா கிடந்த பொட்டல்தான். சிங்கராஜா வந்து ரிப்பனைக் கடித்து, ‘பசுஞ்சோலைத் திறந்தவெளி அங்காடி’ என்று பேர் வைத்துத் திறந்துவிட்டுப் போனார். “வாருங்கள், உலாவுங்கள், எல்லாம் உங்களுக்கே” என்று வாசலில் போர்டு வைத்தார்கள். விலங்குகளும் நம்பி வந்து உலாவின. உலாவிப் பழகி, இனி வராமல் இருக்க முடியாது என்று ஆனபிறகு, கடைகளுக்கு முன்னால் மிச்சமிருந்த பொட்டலைச் சுற்றிக் கயிறு கட்டி இன்னொரு போர்டு வைத்தார்கள்.

“வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. ஏறி வந்தது எதுவோ, அதுவே வண்டி. வண்டிகளுக்குக் கடைப்பக்கம் அனுமதி இல்லை.”

காட்டில் ஏது வண்டி என்று எல்லாரும் சிரித்தார்கள். வேலாண்டி விசில் ஊதுகிற வரைக்கும் சிரித்தார்கள்.

வேலாண்டி நல்ல தடித்த ஓணான். பிறந்ததிலிருந்தே தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பான். அது அவன் உடம்புவாகு. கயிற்றோரம் டோக்கன் கிழிக்கிற வேலைக்கு எடுக்கும்போது அங்காடி மேனேஜர் நரி, “சம்பளம் ரொம்பக் கம்மி, பரவாயில்லையா?” என்று கேட்டார். தலை ஆடியது. வேலை கிடைத்துவிட்டது.

வருகிறவர்களுக்கும் அதே தலைதான். “இங்க நிக்கலாமா தம்பி?” என்பார்கள். ஆடும். “காசு கீசு கேக்க மாட்டியே?” என்பார்கள். அதற்கும் ஆடும். கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், “கட்டணம் ஒரு குத்து நிலக்கடலை, எடுங்க” என்பான்.

“நீதானே தலையாட்டினே?”

“நான் எங்கங்க ஆட்டினேன்? அதுவா ஆடுது.”

ஒரு நாய் வந்தது. “உன் மேல உண்ணி இருக்கா?” என்றான். “ஒரு நாப்பது இருக்கும்” என்றது நாய், அப்பாவியாக. “அப்போ நீ பஸ்” என்று பெரிய டோக்கனைக் கிழித்துக் கொடுத்தான்.

மூக்காயி என்கிற எருமையின் நிலைமை அதைவிட மோசம். அவள் முதுகில் உட்கார்ந்து வந்த காக்கை டோக்கனை வாயில் கவ்விக்கொண்டு கடைக்குப் பறந்தது. போனது போனதுதான். டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விட முடியாது என்று வேலாண்டி சொல்லிவிட்டான். பாவம், மூக்காயி அன்றிலிருந்து கம்பத்தில் கட்டுண்டு அங்கேயே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் குருவம்மா வந்தாள். குருவம்மா ஒரு பிள்ளைக்காரக் குரங்கு. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அவள் குட்டி சுள்ளான் வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தான். வயிறு உப்புசம். தொட்டால் பறை மாதிரி டம் டம் என்றது. பெருச்சாளி வைத்தியர் கடையில் ஓமத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் நின்றுவிடும். ஆனால் உச்சி வெயில் ஏறிவிட்டால் பெருச்சாளி ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். வெயிலோ ஏறிக்கொண்டே இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. “யக்கா, வண்டியை எருமைக்குப் பக்கத்துல போடுங்க.”

“எந்த வண்டியை?”

“நீங்கதான்க்கா.”

குருவம்மா தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். “நான் எப்படிய்யா வண்டி?”

“உங்க மேல ஒருத்தர் ஏறி வந்திருக்காரு. போர்டைப் பாருங்க. வண்டி இங்க நிக்கணும். ஏறி வந்தவரு மட்டும் உள்ள போகலாம்.”

“ஏறி வந்தவனுக்கு இன்னும் பல்லே முளைக்கலைய்யா! அவன் போயி எப்படி மருந்து வாங்குவான்?”

“அது அவங்கவங்க சாமர்த்தியம்க்கா.”

“சரி, இறக்கி விட்டுட்டா?”

“இறக்கிட்டா நீங்க வண்டி இல்ல. தாராளமாப் போகலாம். ஆனா கீழ விட்ட பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பு இல்ல.”

குருவம்மா சுள்ளானைப் பிய்த்து எடுக்கப் பார்த்தாள். குரங்குக் குட்டியாயிற்றே, ஒரு கையை எடுத்தால் மறுகை பிடித்தது. இரண்டையும் எடுத்தால் கால்கள் பிடித்தன. எதையாவது கட்டிப்பிடிக்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. கயிறு கட்டிய கம்பத்தில் வைத்துப் பார்த்தாள், வழுக்கியது. போர்டில் வைத்துப் பார்த்தாள்; கத்தல் இரண்டு மடங்கானது. கடைப்பக்கம் ஷட்டர் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவள் வேலாண்டியை நன்றாகப் பார்த்தாள். சொரசொரவென்று முதுகு. பிடிக்க வாகான கழுத்து.

“ஏன் அண்ணே, இவனைக் கொஞ்ச நேரம் வச்சிக்கிறியா?”

தலை ஆடியது.

“நல்ல மனசுண்ணே உனக்கு” என்று சொல்லி, பச்சைக் களிமண்ணைச் சுவரில் அப்புகிற மாதிரி சுள்ளானை அவன் முதுகில் அப்பிவிட்டாள். சுள்ளான் கை கால் நாலாலும் அவனைக் கட்டிக்கொண்டான்.

“ஏய்! நான் ஒத்துக்கவே இல்லையே!”

“நீதானே தலையாட்டினே?”

“அதுவா ஆடுதுக்கா!”

“போர்டைப் பாருண்ணே. உன் மேல ஒருத்தன் ஏறியாச்சு. இப்ப நீதான் வண்டி. வண்டின்னா நின்ன இடத்துல நிக்கணும்.” அவன் பையிலிருந்தே ஒரு டோக்கனைக் கிழித்து, எச்சில் தொட்டு அவன் நெற்றியில் ஒட்டிவிட்டு ஓடினாள். மூக்காயி அத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

பெருச்சாளி பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். குருவம்மா வாலை உள்ளே நீட்டினாள்.

“கடை சாத்தியாச்சும்மா.”

“வால் நடுவுல இருக்கே, எப்படி வைத்தியரே சாத்துவீங்க?”

முணுமுணுத்துக்கொண்டே ஓமத்தண்ணி எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பினால், பொட்டல் பக்கம் அழுகைச் சத்தமே இல்லை. பிள்ளை அழுதால் நடந்து போகிற தாய், பிள்ளை சத்தம் நின்றால் பறந்துதான் போவாள். குருவம்மா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள்.

வேலாண்டியின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதோடு கூடவே சுள்ளானும் மேலும் கீழும் ஆடி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தாள். வயிறு பஞ்சாக இருந்தது.

“நல்லா ஒரு ஏப்பம் விட்டான் தாயி” என்றாள் மூக்காயி. “எனக்கே பசி எடுத்துருச்சு.”

வேறு யாராவது சொல்கிற கதையாக இருந்தால், இந்த இடத்தில் சிங்கராஜா வந்து போர்டைப் பிடுங்கி எறிந்து, எருமையை அவிழ்த்துவிட்டு, குருவம்மாவுக்கு மாலை போட்டிருப்பார். இந்தக் கதையில் அவர் வரவில்லை. அவர் ரிப்பன் கடிக்க வேறு ஊர் போயிருந்தார். சேதிதான் பரவியது. கீரிப்பிள்ளை, அணில், முள்ளம்பன்றி என்று காட்டில் தூக்கம் கெட்டுக் கிடந்த தாய்மார்களெல்லாம் பிள்ளையும் கையுமாக வரிசை கட்டி நின்றார்கள். “இவளைக் கொஞ்சம் வச்சிக்கிறியா?” என்றார்கள். தலை ஆடியது. முள்ளம்பன்றி கேட்டபோதும் ஆடியது.

மேனேஜர் நரி வந்து வரிசையைப் பார்த்தார். “இது யாரு யோசனை?”

குருவம்மா முன்னால் வந்தாள். அவரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். பெற்றவளை வண்டி என்பீர்களா, பால்குடிப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவீர்களா, எருமையை எத்தனை நாள் நிறுத்தி வைப்பீர்கள் என்றெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

“என் யோசனைதான் சார். ஆனா நான் கேக்க வந்தது என்னன்னா...”

“கேளும்மா.”

குருவம்மா வரிசையைப் பார்த்தாள். வசூல் கூடையில் மலையாகக் கிடந்த நிலக்கடலையைப் பார்த்தாள். இடுப்பில் நிம்மதியாகத் தூங்குகிற சுள்ளானைப் பார்த்தாள்.

“குத்தகை எவ்வளவு சார்?” என்றாள்.

அடுத்த வாரம் பொட்டலில் மூன்றாவதாக ஒரு போர்டு வந்தது. “குழந்தைகள் நிறுத்துமிடம். அழுகிற குட்டிக்குத் தனிக் கட்டணம்.” அதற்குக் கீழே ஒரு கல்லின் மேல் வேலாண்டியை உட்கார வைத்திருந்தார்கள். இனி அவன் வண்டி, வண்டிக்குச் சம்பளம் கிடையாது, பரவாயில்லையா என்று மேனேஜர் கேட்டிருந்தார். அவன் தலையாட்டிவிட்டான்.

விசில் இப்போது குருவம்மாவின் கழுத்தில் தொங்கியது.

“இந்தா குருவம்மா” என்று மூக்காயி ஆசையாகக் கூப்பிட்டாள். “இனி எல்லாம் உன் கையிலதானே? என்னை அவுத்து விட்டுரு தாயி.”

“அதுக்கென்னக்கா, விட்டுட்டாப் போச்சு” என்றாள் குருவம்மா. “டோக்கன் வச்சிருக்கீங்களா?”

அந்த நேரம் ஒரு முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது. கையில் ஒரு குட்டி, முதுகில் ஒரு குட்டி, இரண்டும் கதறின. கயிற்றோரம் நிற்கிற குருவம்மாவையும் அவள் இடுப்பில் இருந்த சுள்ளானையும் பார்த்ததும் முயலுக்கு உயிர் வந்தது.

“நல்லவேளை, நீயும் பிள்ளைக்காரி. நம்ம கஷ்டம் உனக்குத் தெரியும். எங்கிட்ட காசெல்லாம் கேக்க மாட்டே, இல்லியா?”

குருவம்மா தலையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினாள்.

*

நீதி: அநியாயத்தைக் கண்டால் உடனே தட்டிக் கேளுங்கள். தாமதித்தால் குத்தகை வேறு யாருக்காவது போய்விடும்.