ஞானக்கண்ணாரின் இரண்டாவது வௌவால்

ஊரே திரண்டு ஓடியது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கூடக் கடையைப் பூட்டிவிட்டு ஓடினார். இனிமேல் யார் கண்ணாடி வாங்கப்போகிறார்கள்? பழைய கிடங்கில் ஞானக்கண்ணார் என்றொரு மகான் வந்து இறங்கியிருந்தார். கண்ணை மூடினால் உலகமே தெரியும் என்றார். சனமும் கண்ணை மூடிக்கொண்டு காணிக்கை போட்டது.

அவருக்குச் சாட்சி ஒரு குட்டி வௌவால். கூரையிலிருந்து வரிசையாக நூல்கள் தொங்கும், நூலுக்கு நூல் மணி. வௌவாலின் கண்ணைத் துணியால் கட்டிப் பறக்கவிடுவார். ஒரு மணிகூட அசையாது.

"பாத்தீங்களா, அகக்கண்ணு!"

முன்வரிசையில் எங்கள் தையல்காரர். கண்ணில் புரை. போன வாரம் ஒரு கால்சட்டைக்கு மூன்று கால் வைத்துத் தைத்தார். வாங்கிப்போனவர் இன்னும் வந்து கேட்கவில்லை. மறுநாள் தையல்காரருக்குக் கண் அறுவை சிகிச்சை.

"கத்தி பட்டா அகக்கண்ணு செத்துரும். ஆஸ்பத்திரியா, நானா?" என்றார் மகான்.

"நீங்கதான் சாமி."

பக்கத்தில் தையல்காரரின் தங்கை, பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். "அண்ணே, நாளைக்குப் போகலேன்னா ஊசி எது, உலக்கை எதுன்னு தெரியாமப் போயிரும்."

"சும்மா இரு. வௌவாலுக்குத் தெரியுது, உனக்குத் தெரியலியே!"

அவள் எழுந்தாள். "சாமி, கண்ணுக் கட்டை அவுத்து விட்டுட்டு காதுல கொஞ்சம் பஞ்சு வைங்களேன். அகக்கண்ணு காதுலயா இருக்கு?"

"அதானே! வைங்க சாமி!" கூட்டத்துக்கு வேடிக்கைதான் முக்கியம்.

வைத்தார். குட்டி பறந்தது. மணி அத்தனையும் அலறின.

மகான் அசரவில்லை. "இவன் சிஷ்யன். குருவைப் பாருங்க!" என்று கூண்டிலிருந்து காக்கை அளவு வௌவாலை எடுத்தார். உடம்பு பெருத்தால் ஞானமும் பெருகும் என்பது அவர் கணக்கு. பழையபடி கண்ணைத்தான் கட்டினார்.

குரு கிளம்பினார். தூணில் ஒரு முட்டு, மணியில் ஒரு முட்டு, கடைசியில் மகானின் மூஞ்சியிலேயே இறங்கினார். அங்கிக்குள்ளிருந்து தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்று தரையில் விழுந்தது.

"ஐயோ, என் கண்ணாடி! யாரும் மிதிச்சிராதீங்க!" மகான் தரையைத் தடவிக்கொண்டு தவழ்ந்தார்.

"அண்ணே, சின்னது பூச்சி தின்னுறது," என்றாள் தங்கை. "நம்ம காதுக்கு எட்டாத சத்தம் போட்டு, அது சுவத்துல பட்டுத் திரும்புறதைக் கேட்டு வழி பாக்கும். வாயால கத்துற இனமும் இருக்கு, மூக்கால கத்துற இனமும் இருக்கு. கோடிக்கணக்கான வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வந்த வித்தை. இந்தப் பெருசு பழந்தின்னி. அந்த வித்தை இதுக்கு வராது. உன்னை மாதிரியே கண்ணை நம்பித்தான் பொழைக்குது."

தையல்காரர் தரையில் தவழும் மங்கல் உருவத்தை உற்றுப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

'இருந்தாலும் பெரிய வௌவாலிடம் ஏதோ சக்தி இருக்கு' என்று பேசிக்கொண்டே கலைந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். முன்னால் இருப்பது வழியா சுவரா என்று சத்தம் கொடுத்துப் பார்த்துத்தான் அந்தக் குட்டியே இறக்கை அடிக்கிறது. இவ்வளவு பெரிய தலையைத் தூக்கிக்கொண்டு அலைகிற நமக்கு, ஒரு கேள்வி கேட்பதில் என்ன கேடு?