வியர்வை அறை

அமெரிக்காவின் டுலூத் நகரில் பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் வெர்லின் ஹாகனுக்கு விசித்திரமான வேலை. அவன் பாலம் கட்டுவதில்லை, பேசுவான். பாலத்தால் யாருக்கு நன்மை, யாருக்குத் தொல்லை, யாரிடம் எதை எப்போது சொன்னால் தகராறு வராது என்று திட்டம் போடுவதுதான் பிழைப்பு. மீன்பிடிக்காரர்களையும் மேயரையும் ஒரே மேஜையில் காபி குடிக்க வைத்தவன். வீட்டில் மட்டும் மனைவி ஆர்டிஸைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவனுக்கு ஓர் ஆசை. கொல்லையில் சானா கட்டவேண்டும். சின்ன மர அறை, உள்ளே விறகடுப்பு. பனிக்காலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கலாம். யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அதற்குத் தோதான இடத்தில் ஆர்டிஸ் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுச் செடி போட்டிருந்தாள். நேரே போய்க் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

ஆபீஸ் வித்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தான். சுற்றியிருப்பவர்களை முதலில் கைக்குள் போட்டுக்கொள்வது. அவரவர்க்கு இனிப்பதை மட்டும் சொல்வது. அதிகாரம் உள்ளவளிடம் கடைசியில் போவது.

பக்கத்து வீட்டு எய்னோவிடம், வாரா வாரம் நீயும் வந்து வியர்க்கலாம் என்றான். எய்னோ அப்போதே ரம்பத்தைத் தேடப் போனான்.

அடுத்து ஆர்டிஸின் அக்கா லோர்னா. தனியாக இருக்கும் அவளை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று ஆர்டிஸ் கேட்கும்போதெல்லாம் வெர்லினுக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஆனால் அக்கா சொன்னால் ஆர்டிஸ் கேட்பாள். லோர்னாவுக்கோ வியர்வை என்றாலே அருவருப்பு. அதனால் சானா என்ற சொல்லையே விழுங்கிவிட்டான்.

"கொல்லைல கதகதப்பா ஒரு சின்ன ரூம் போடலாம்னு இருக்கேன். நீங்க வந்தா எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கலாம்."

லோர்னா கண்கலங்கிவிட்டாள். வெர்லின் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

அன்று சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமினான். "ஆர்டிஸ், கொல்லைல ஒரு ரூம்..."

"கட்டு."

தயார் செய்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாயின. "உன் ருபார்ப்?"

"தொட்டில வச்சுக்கறேன்."

"எய்னோ ஏதாவது சொன்னானா?"

"சானா, அது இதுன்னு உளறினான். நான் திருத்திட்டேன். அக்கா போன் பண்ணி ஒரே அழுகை. எனக்குன்னு ஒரு ரூம் கட்டறானே, உன் புருஷனுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னா. வாடகை வீட்டைக் காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாளாம்."

வெர்லின் உருளைக்கிழங்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். "நான் அப்படியா சொன்னேன்?"

"எவ்வளவு நேரம் வேணாலும் இருக்கலாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். ஆனா அதுக்கு அர்த்தம்..."

"அர்த்தத்தை அவகிட்டயே சொல்லு. அதானே உன் வேலை. இந்தா போன்."

மேயரையே சமாளித்தவன், போனைத் தொடவில்லை.

கோடை முழுக்க வியர்க்க வியர்க்கக் கட்டினான். பனி விழுமுன் லோர்னா பெட்டி படுக்கையோடும் பியானோவோடும் வந்து சேர்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொல்லை அறையின் அடுப்பருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டுமா என்று ஆர்டிஸிடம் மெதுவாகக் கேட்டான்.

"போயேன். அக்காவோட சிநேகிதிங்க வந்திருக்காங்க, விறகு தீர்ந்துபோச்சாம். கதவோரமா வச்சுட்டு வந்துடு."